பயன்படாமல் போகும் இதயங்கள்

2023-ல் இந்தியா முழுக்க மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு தானம் செய்தவர்கள் 1,099 பேர். அதே ஆண்டில் நடந்த இதய மாற்று அறுவை சிகிச்சைகள் 221. ஐந்துக்கு ஒன்று. கொடுக்க ஆளில்லை என்று மேடைதோறும் பேசுகிறோம், கொடுத்த இதயங்களில் முக்கால்வாசிக்கு மேல் என்ன ஆயின என்று யாரும் கேட்பதில்லை. வயது, சர்க்கரை, ரத்தக்குழாய் அடைப்பு என்று நியாயமாகவே கழிபவை நிறைய. கழிக்க வேண்டியிராதவையும் உண்டு.

மூளைச்சாவு நேரும்போது உடலில் அட்ரினலின் வெள்ளமாகப் பாயும். அந்த அடியில் நல்ல இதயமும் சில மணி நேரம் சோர்ந்துவிடும். உடனே எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தால் பம்பிங் வெறும் 35, 40 சதவீதம் என்று குறைவாக வரும். அதைப் பார்த்து 'வேண்டாம்' என்று எழுதிவிடுவதுதான் பெரிய இழப்பு. இளவயதுக்காரரின் இதயம் 12 முதல் 24 மணி நேரத்தில் தேறிவிடுவது சகஜம். அதுவரை ஐசியுவில் சரியாகக் கவனிக்க வேண்டும். சிறுநீர் லிட்டர் லிட்டராகப் போகும், அதனால் ரத்தத்தில் ஏறும் சோடியம் 155-ஐத் தாண்டவிடக் கூடாது. பிரஷர் இறங்குகிறதே என்று, அதை உயர்த்தும் நோராட்ரினலின் மருந்தை ஏற்றிக்கொண்டே போனால் இதயம் இன்னும் அடிபடும். வாசோபிரசின் என்ற ஹார்மோன் மருந்தைத் தொடங்கினால் நோராட்ரினலினைக் குறைக்கலாம், சிறுநீரும் கட்டுப்படும். கூடவே மெத்தில்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. பிறகு எக்கோவைத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். சட்டப்படி மூளைச்சாவுப் பரிசோதனையே குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை நடக்கிறது. அந்த நேரத்தை வீணாக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, எடுத்த இதயத்தை 4 மணி நேரத்துக்குள் பொருத்திவிட வேண்டும் என்ற, எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. கொடுப்பவரின் மகாதமனியில் கிளாம்ப் (இடுக்கி) போட்டு ரத்தத்தை நிறுத்திய நொடியிலிருந்து புது உடலில் ரத்தம் பாயும் வரை அந்த நேரம் ஓடுகிறது. தைக்கவே முக்கால் மணி, ஒரு மணி ஆகும். ஆக, பயணத்துக்கு மூன்று மணி நேரமே மிச்சம். போக்குவரத்தை நிறுத்தி ஆம்புலன்ஸ் பறப்பதைத்தான் டிவி காட்டும் (ஹைதராபாத்தில் மெட்ரோ ரயிலிலும் இதயம் போயிருக்கிறது). பெட்டிக்குள் இதயம் நேரடியாக ஐஸில் படக் கூடாது, பட்டால் தசை உறைந்து கெட்டுவிடும். அதனால்தான் குளிர்ந்த திரவத்தோடு ஒன்றுக்குள் ஒன்றாகப் பைகளில் வைத்துக் கட்டுகிறார்கள்.

வாங்குபவர் பக்கமும் கோளாறு உண்டு. நம் ஊரில் கடைசிக் கட்டத்தில்தான் பலர் காத்திருப்போர் பட்டியலில் சேர்கிறார்கள். அதற்குள் நுரையீரல் ரத்தக்குழாய்களின் அழுத்தம் ஏறியிருக்கும். சாதாரண அழுத்தத்துக்குப் பழகிய புது இதயத்தின் வலது கீழறை அந்தப் பாரத்தைத் தாங்காமல் ஆபரேஷன் மேஜையிலேயே தோற்கும். மெல்லிய குழாயைச் செலுத்தி அந்த அழுத்தத்தை அளக்கும் ரைட் ஹார்ட் கதீட்டர் பரிசோதனை செய்யாமல் பட்டியலில் சேர்ப்பது சூதாட்டம்.

உலக அளவில் மாற்று இதயம் பெற்றவர்களில் முதல் ஆண்டைத் தாண்டுபவர்கள் ஏறக்குறைய 85 சதவீதம். பாதிப்பேர் 12 ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறார்கள். ஆபத்து அதிகம் முதல் சில மாதங்களில்தான். அப்போது கழுத்து ரத்தக்குழாய் (சிரை) வழியாக இதயத் தசையில் துணுக்கு எடுத்து அடிக்கடி பயாப்ஸி செய்து, உடல் இதயத்தை நிராகரிக்கிறதா என்று பார்ப்பார்கள். புது இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருப்பதால் சும்மா இருக்கும்போதே துடிப்பு 90, 100 இருக்கும். அதே காரணத்தால், பின்னாளில் ரத்தக்குழாய் சுருங்கினாலும் பெரும்பாலும் நெஞ்சு வலிக்காது. 'வலி இல்லையே' என்று ஆஞ்சியோகிராமைத் தள்ளிப்போடக் கூடாது.

நம் நாட்டுக்கே உரிய சிக்கல் காசநோய். அதற்கான ரிஃபாம்பிசின் மருந்தைத் தொடங்கினால், நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் ரத்த அளவு சில நாட்களிலேயே சரிந்து, நிராகரிப்பு தொடங்கிவிடும். உள்ளூர் டாக்டருக்கு இது நினைவில் இல்லாமல் போகலாம். எந்தப் புது மாத்திரையானாலும் முதலில் மாற்று சிகிச்சை மையத்துக்கு ஒரு போன். ரிஃபாபியூட்டின் என்ற மாற்று காசநோய் மருந்துக்கு மாறலாமா, டாக்ரோலிமஸ் டோஸை எவ்வளவு ஏற்றுவது, ரத்த அளவை எத்தனை நாளுக்கொரு முறை பார்ப்பது என்பதை அவர்கள் சொல்வார்கள். பம்ப்ளிமாஸ் பழத்தையும் தவிர்ப்பது நல்லது, அது எதிர்த்திசையில் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும்.