பேர்ள் ஸ்கிரிப்டில ஸ்லீப் வேண்டாம், அட் இருக்கு

திருகோணமலையில பேர்ள் (Perl) எண்ட நிரல் மொழியில எழுதுற பிள்ளையளுக்கு: ஒரு வேலையை 2 மணித்தியாலம் கழிச்சு ஓட்ட ஸ்லீப் 7200 (sleep, 7200 செக்கன் சும்மா காத்திருக்கச் சொல்லுறது) போடாதேங்கோ. இடையில கரண்ட் போனா வேலையும் போச்சு. குறிச்ச நேரத்தில வேலையை ஓட்டுற லினக்ஸின்ர அட் (at) கட்டளைக்குப் பைப் (ஸ்கிரிப்டில இருந்து கட்டளைக்கு எழுத்தை அனுப்புற வழி) திறந்து, ‘நவ் + 2 அவர்ஸ்’ எண்டு நேரம் குடுத்து, ஓடவேண்டிய வரியைப் பிரிண்ட் பண்ணுங்கோ. பைப்பைக் குளோஸ் பண்ணும்வரை வேலை வரிசையில ஏறாது. நீளமா ஓடுற ஸ்கிரிப்டில கனபேர் விடுற பிழை, குளோஸ் பண்ணாம இருக்கிறதுதான். வேலை இலக்கம் பிழைச் செய்தியள் வாற எஸ்டிடி-எரரிலதான் (stderr) வரும், வழமையான வெளியீடு வாற எஸ்டிடி-அவுட்டில (stdout) தேடாதேங்கோ. ஏடிகியூ (atq) கட்டளை வரிசையைக் காட்டும், ஏடிஆர்எம் (atrm) வரிசையில இருக்கிற வேலையை அழிக்கும்.

வேலை ஓடுறது எஸ்எச் (sh) ஷெல்லில; ஷெல் எண்டா கட்டளையளை வாசிச்சு ஓட்டுற நிரல். பாஷ் (bash) எண்ட மற்ற ஷெல்லுக்கு மட்டுமான எழுத்து அங்க சரிவராது. ஒண்டுமே ஓடேல்லையெண்டா முதல்ல அட் வேலையளை ஓட்டுற ஏடிடி (atd) சேவை ஓடுதோ எண்டு பாருங்கோ. நேரத்தில கட்டாயம் கவனம்: சேர்வர் யூடிசியில (UTC, உலகப் பொது நேரம்) இருந்தா, 18:00 எண்டு குடுத்தது எங்கட 23:30க்குத்தான் ஓடும்.