முகாமில் டோக்கன் யார் கையில்?

பெருந்தொற்றுக் காலத்தில் தடுப்பூசி முகாமுக்கு டோக்கன் கொடுப்பது கரைவேட்டி கைக்குப் போனால் அத்தோடு போச்சு. மேலூரோ உசிலம்பட்டியோ, எதிர்க்கட்சித் தெரு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. ஏச்சு வாங்குவது கிராம சுகாதார செவிலியர்.

அப்போது போட்ட கொரோனா தடுப்பூசி கோவிஷீல்டு குப்பியில் 10 டோஸ், ஆளுக்கு 0.5 மி.லி. திறந்தால் 4 மணி நேரம்தான் ஆயுள் என்பது அன்றைய விதி. சாயங்காலம் ஆறு பேர் மட்டும் நிற்கிறார்கள் என்றால் என்ன செய்வார்? திறந்தால் "வீணடிக்கிறாங்க". திருப்பி அனுப்பினால் "எங்க ஆளுகளுக்கு மட்டும் ஊசி இல்லையாம்". இரண்டுக்குமே வாட்ஸ்அப் வீடியோ தயார்.

2021 மார்ச்சில் இந்த ஊசியின் இரண்டு டோஸ்களுக்கு இடைவெளி 6-8 வாரம். மே மாதம் 12-16 வாரம். முடிவெடுத்தது டெல்லி. பதில் சொல்ல வேண்டியது துணை சுகாதார நிலைய வாசலில் நிற்கும் அந்த அம்மா! இப்படி விதி மாறினால் அரசாணை நகலைச் சுவரில் ஒட்டிவிட வேண்டும், வாய்ச்சொல் போதாது.

முகாம் பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும். சாதி மண்டபம், கொடிக்கம்பம் பக்கம் வேண்டாம். டோக்கனைச் செவிலியரே எண் போட்டு, எல்லாத் தெருவுக்கும் முந்தின நாளே கொடுக்கணும். கடைசிக் குப்பிக்கு ஆள் குறைந்தால் கூப்பிட, பக்கத்துத் தெரு ஆட்களின் போன் நம்பர் கையில் வேண்டும். திறந்த நேரத்தைக் குப்பி மேலேயே எழுதிவிடுங்கள். ஊசி போட்டபின் உட்காரவைக்கும் 30 நிமிடத்தில், ராத்திரி காய்ச்சல் வரலாம், பாராசிட்டமால் போடலாம் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்ட காய்ச்சல் மறுநாள் டீக்கடையில் அரசியலாகிவிடும்.