குடியிருந்துகொண்டே வீட்டைப் புதுப்பித்த மாதங்கள்

எங்கள் முதல் வீடு, வேறொரு குடும்பம் பல காலம் வாழ்ந்துவிட்டு விற்ற பழைய வீடு. வேலையெல்லாம் முடித்துவிட்டுக் குடிபோங்கள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், ஆனால் கடன் தவணையும் வாடகையும் சேர்த்துக் கட்ட எங்களால் முடியாது. அதனால் நான், கணவர், மகள், மாமியார் நாலு பேரும் உள்ளேயே இருந்துகொண்டு ஒவ்வொரு பக்கமாக உடைத்துச் சரி செய்தோம். என்ன டைல்ஸ் போடலாம், என்ன நிறம் அடிக்கலாம் என்று யோசனை சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். வேலை நடக்கும்போது எங்கே படுப்பது, எங்கே பாத்திரம் கழுவுவது, எப்போது குளிப்பது என்று சொல்லத்தான் யாரும் கிடைக்கவில்லை. அந்த மாதங்களில் எங்கள் கவலை முழுக்க அதுவாகத்தான் இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த அறையைத் தொடக் கூடாது என்பதை. "எது எப்படிக் கிடந்தாலும் ஒரு ரூம் ரூமா இருக்கணும்மா" என்றார் மாமியார், அதை அப்படியே பிடித்துக்கொண்டோம். வீட்டின் கோடியில் இருந்த படுக்கையறையைக் கடைசி வரை யாரும் தொடவில்லை. நாலு பேர் படுக்கை, மகளின் புத்தகங்கள், மருந்து, முக்கியமான காகிதங்கள், மாற்றுத் துணி எல்லாம் அங்கேதான். நெரிசல்தான், ஆனாலும் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஓர் இடம் இருந்ததால்தான் ஒருவர்மீது ஒருவர் எரிந்து விழாமல் இருந்தோம். அறைக்கதவு நிலைக்கு வெளிப்பக்கம் கனமான பாலித்தீன் தாளை மேலிருந்து கீழ்வரை தொங்கவிட்டு ஓரங்களை டேப்பால் ஒட்டினோம், கதவடியில் ஈரத்துணி. இதெல்லாம் தூசிக்காக.

தூசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அழுக்குதானே, துடைத்தால் போச்சு என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். செங்கல், கான்கிரீட், டைல்ஸ் இவற்றை மெஷினால் வெட்டும்போது வருவதில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசி சீக்கிரம் தரையில் படிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூசிதான் நெடுநேரம் காற்றிலேயே மிதந்து நுரையீரலின் ஆழம் வரை போகும். வருஷக்கணக்கில் சுவாசிக்கிற தொழிலாளிகளுக்கு அது தீராத நுரையீரல் நோயையே தருகிறது. அதனால் வெட்டுவதெல்லாம் வீட்டுக்கு வெளியே, தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்ட வேண்டும் என்று பேச்சை ஆரம்பிக்கும்போதே சொல்லிவிட்டோம். பைப்புக்கும் வயருக்கும் சுவரில் காடி எடுப்பதை மட்டும் உள்ளேதான் செய்ய முடியும், அந்த நாட்களில் ஜன்னல்களைத் திறந்து வைத்து, மகளும் மாமியாரும் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு இரவு திரும்பினார்கள். வேலை செய்பவர்களுக்கும் எங்களுக்கும் என்95 முகக்கவசம் வாங்கி வைத்தோம். இன்னொன்று, துடைப்பத்தால் பெருக்கவே கூடாது, படிந்த தூசி மறுபடி மேலே கிளம்பும். தண்ணீர் தெளித்து அள்ளிவிட்டு ஈரத்துணியால் துடைப்பதுதான் சரி. பழைய வீடு என்றால் சுவரிலும் கதவிலும் இருக்கிற பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, குழந்தைகளுக்கு அது மிகவும் கெடுதல். உப்புத்தாளை வைத்துக் காய்ந்தபடியே தேய்க்க விடாதீர்கள், நனைத்துத்தான் சுரண்ட வேண்டும்.

குளியலறை இரண்டு இருந்தது எங்கள் நல்ல காலம். ஒன்று முழுசாக முடிந்து நாங்கள் புழங்க ஆரம்பித்த பிறகுதான் அடுத்ததில் சுத்தியல் படலாம் என்பதில் கறாராக இருந்தோம். ஒரேயடியாக இரண்டையும் உடைத்துவிட்டால் ஆள்கூலி மிச்சம் என்றார்கள், வயதானவரையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு அந்த மிச்சம் எனக்கு வேண்டாம். பிளம்பர் வந்ததும் செய்த முதல் வேலை, ஒவ்வொரு குளியலறைக்கும் சமையலறைக்கும் தனித்தனி வால்வு வைத்தது. ஒரு பக்கம் பைப்பைப் பிரித்துப் போட்டாலும் மற்ற பக்கம் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வேலை முடிந்த இத்தனை நாளுக்குப் பிறகும் ஒரு குழாய் ஒழுகினால் அந்த வால்வுகள்தான் உதவுகின்றன.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் இரண்டு சோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். பைப்பெல்லாம் போட்டுச் சுவரை மூடும் முன் பம்பால் அழுத்தம் கொடுத்து, அளவுமானியின் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தரையில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு காய்ந்தபின் வடிகால் வாயை அடைத்துத் தண்ணீரை நிறுத்தி, குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் விட வேண்டும். அந்த நேரத்தில் கீழ்க்கூரையிலும் பக்கத்து அறைச் சுவரின் அடியிலும் ஈரம் தெரிகிறதா என்று பார்க்கலாம். எங்களுக்கு ஒரு மூலையில் தெரிந்தது. பூச்சைத் தரையோடு நிறுத்தாமல் சுவரிலும் ஏற்றி, அந்த மூலையை மறுபடி அடித்து, திரும்பவும் தண்ணீர் நிறுத்தினோம். வேலை சில நாள் தள்ளிப்போனதில் எல்லாருக்கும் முகம் சுண்டியது உண்மைதான், டைல்ஸுக்கு அடியில் போய் மறைந்திருந்தால் மொத்தத் தரையையும் பெயர்க்க வேண்டியிருந்திருக்கும். தரையின் சரிவை, அதாவது வாட்டத்தையும் நீங்களே ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எந்தப் பக்கம் ஊற்றினாலும் தானாக வடிகாலுக்கு ஓட வேண்டும்.

சமையலறையை உடைத்தபோது கூடத்து மூலையில் ஒரு மேசையைப் போட்டு மின்னடுப்பை வைத்துக்கொண்டோம், பாத்திரம் கழுவுவது பின்பக்கக் குழாயில். நாலு தட்டு, நாலு டம்ளர், இரண்டு பாத்திரம் மட்டும் வெளியே, மீதி எல்லாம் பெட்டியில். பெட்டிகளின் மேல்புறத்தில் எழுதாமல் பக்கவாட்டில் எழுதுங்கள், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியபின் மேலே எழுதியது தெரியாது.

இந்த மாதிரி வேலை நம் அவசரத்துக்கு நடக்காது, சிமெண்ட்டும் ஈரமும் அனுமதிக்கிற வேகத்தில்தான் நடக்கும். இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்குப் பதற்றம் பாதியாகக் குறைந்தது. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது, அதனால்தான் புதுப் பூச்சுக்கு ஏழு நாளாவது விடாமல் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறார்கள். "நான் வராத நாள்லயும் நீங்க மறக்காம தண்ணி விடுங்கக்கா" என்றார் மேஸ்திரி. காலையும் மாலையும் மகளும் நானும்தான் சுவரை நனைத்தோம். குடியிருந்துகொண்டே வேலை பார்ப்பதில் பெரிய வசதியே இதுதான், பூட்டிக் கிடக்கிற வீட்டில் ஞாயிற்றுக்கிழமை யார் வந்து தண்ணீர் விடுவார்கள்? அப்புறம் அது நன்றாக உலரவும் வேண்டும், பெயிண்டுக்கு முன் நாலு வாரமாவது விடுவது நல்லது. காய்ந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால் ஓர் அடி சதுரத்துக்குப் பாலித்தீன் தாளை எடுத்து நாலு பக்கமும் டேப்பால் இறுக்கமாக ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள், உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறது.

பழைய சுவரில் உப்புப் பூத்திருந்தாலும் இதே கதைதான். உள்ளே நகரும் தண்ணீர் செங்கல், சிமெண்ட் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்து, தான் ஆவியாகி, உப்பை வெள்ளைத் தூளாக விட்டுவிட்டுப் போகிறது. அதன்மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் அழகாகத்தான் இருக்கும், அடுத்த மழைக்குக் கொப்புளம் கொப்புளமாக உரியும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் பெயிண்டர் வரவே கூடாது. எங்கள் வீட்டில் ஜன்னல் மேல்மூடியில் இருந்த விரிசல்தான் காரணம். மழை பெய்த ஒரு நாள் வீட்டுக்குள் இருந்ததால்தான் அதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

வேலைக்கு வருகிறவர்களோடு தினமும் ஒரே கூரைக்கடியில் இருக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர், கழிப்பறை, உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம், இவை கேட்காமலே இருக்க வேண்டும். தொடங்கும் நேரத்தையும் முடிக்கும் நேரத்தையும் முதலிலேயே பேசிவிட்டோம், பக்கத்து வீட்டாருக்கும் சத்தம் வரும் நாட்களை முன்கூட்டியே சொன்னோம். காலையில் எலக்ட்ரீஷியன் கையில் உளியோடு நின்றுகொண்டு "சுவிட்ச் எந்த உயரத்துல வேணும்க்கா" என்று கேட்கும்போது நிதானமாக யோசிக்க முடியாது. அதனால் முந்தின நாள் இரவே சுவரில் சாக்பீஸால் பெட்டி போட்டு வைத்தோம். கட்டில் எங்கே வரும், கதவு எந்தப் பக்கம் திறக்கும், மாமியாரின் கைக்கு எட்டுமா என்று நின்று பார்த்துப் போட்ட கோடுகள் அவை. கசிவு மின்சாரம் 30 மில்லியாம்பியரை எட்டினாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சாதனத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் மாட்டச் சொன்னேன், ஈரத் தரையும் தொங்கும் வயருமாக இருக்கிற வீட்டில் ஒரு குழந்தை நடமாடுகிறது என்றால் அதற்குக் காத்திருக்க முடியாது.

சுவரை மூடும் முன் ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவைப் பக்கத்தில் நீட்டிப் பிடித்து, போட்டோ எடுத்து வையுங்கள். அலமாரி மாட்ட ஆணி அடிக்கும் முன் இன்றும் அந்தப் படங்களைத்தான் பார்க்கிறோம். டைல்ஸில் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி, பெட்டியில் போட்டிருக்கும் பேட்ச் எண்ணோடு பத்திரப்படுத்துங்கள், ஒரே டைல்ஸ் ஆனாலும் வேறு பேட்ச் என்றால் நிறம் லேசாக மாறும். கடைசித் தவணைப் பணத்தை மட்டும், டைல்ஸ் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து எங்காவது பொள்ளல் சத்தம் வந்தால் அதை மாற்றிக் கொடுத்த பிறகு கொடுங்கள். நாங்கள் இதையும் முதல் நாளே பேசி எழுதிக்கொண்டதால் மனக்கசப்பு எதுவும் வரவில்லை, இப்போது மாடிப்படி வேலைக்கும் அதே மேஸ்திரிதான் வருகிறார்.