ஒரு போல்ட்டுக்கு 60,000 ரூபாவா? ஏ9 வீதியில் ஒரு லொறிப் பயணம்

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குச் சீமெந்து ஏற்றிச் செல்லும் சித்தப்பாவின் லொறியில் தொற்றிக்கொண்டால் பஸ் காசு மிச்சம் என்பதே என் கணக்கு. வன்னிக் காடுகளைப் பற்றியும் வீதியோரத்தில் விற்கும் பாலைப்பழத்தைப் பற்றியும் ஒழுங்காக எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் இப்போது மனம் முழுக்க நிற்பது ஒரு முறிந்த போல்ட்டும், அதற்காக எங்களிடம் கேட்கப்பட்ட தொகையுமே.

என்னைவிட வயதில் மூத்த ஆறு சிலிண்டர் டீசல் லொறி அது. காலையில் ஸ்டார்ட் செய்தபோது 'டிக், டிக்' என்று எழுந்த சத்தம், எஞ்சின் சூடேறியதும் அடங்கிவிட்டது. சிலிண்டர்களின் புகையைத் திரட்டி வெளியே கொண்டுபோகும், எஞ்சினோடு போல்ட்களால் பூட்டிய எக்ஸோஸ்ட் மனிபோல்ட் கசிவதற்கு இதுவே சரியான அறிகுறி. குளிரில் திறந்திருக்கும் இடுக்கு, இரும்பு சூட்டில் விரியும்போது ஓரளவு மூடிக்கொள்கிறது. புளியங்குளம் தாண்டியதும் சத்தம் பலமடங்காகத் திரும்பி வந்தது. கூடவே புகைமணமும் கேபினுக்குள் ஏறியது. கனகராயன்குளத்தருகே நிறுத்திப் பொனற்றைத் திறந்தால், கடைசிச் சிலிண்டரின் வாயைச் சுற்றி விசிறிபோலக் கரி படிந்திருந்தது. அங்கே இருக்க வேண்டிய போல்ட்டின் தலையைக் காணவில்லை.

பெரும்பாலும் முறிவது இந்த ஓரத்துப் போல்ட்தான். நீளமான வார்ப்பிரும்பு மனிபோல்ட் ஒவ்வொரு முறையும் சூடேறி நீண்டு, ஆறிச் சுருங்குகிறது. பாரத்தோடு ஓடும்போது உள்ளே போகும் புகையின் வெப்பம் 500 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடும். நடுவிலுள்ள போல்ட்கள் அதிகம் அசைவதில்லை, இரு முனைகளில் உள்ளவையே அந்த இழுபறியை முழுதாகத் தாங்குகின்றன. அப்படியே ஓட்டலாமே என்று கேட்கத் தோன்றும். கேபினுக்குள் வருவது காபன் மொனொக்சைட்டும் கலந்த புகை என்பதாலும், பிடி இழந்த மனிபோல்ட் வளைந்துவிட்டால் செலவு பன்மடங்காகும் என்பதாலும் அது வீண் துணிச்சல்.

வழியில் இருந்த ஒரு கராஜில், கையால் தொட்டும் பார்க்காமலே, "ஹெட்டைக் கழற்றாமல் சரிவராது, அறுபதாயிரம் முடியும்" என்றார்கள். ஹெட் என்பது மனிபோல்ட் பூட்டப்பட்டிருக்கும் எஞ்சினின் மேற்பகுதி. சித்தப்பா தயங்கியதும், சரி, அப்படியே துளைத்து, முறிந்த போல்ட்டைத் திருகி எடுக்கும் ஈசி அவுட் என்ற கருவியைப் போட்டு எடுத்துவிடலாம் என்று ஒரு பொடியன் ட்ரில்லைத் தூக்கிக்கொண்டு வந்தான். எனக்கு எரிச்சலூட்டியது விலையை விட இந்த அவசரமே. ஈசி அவுட் மிகக் கடினமான உருக்கு. அது துளைக்குள் முறிந்தால் சாதாரண ட்ரில் அதில் ஏறாது, பிறகு உண்மையிலேயே ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். சித்தப்பா ஒன்றும் பேசாமல் பொனற்றைச் சாத்தினார். கண்ணாடிகளை முழுதாக இறக்கிவிட்டு, மாங்குளம் வரை மெதுவாக உருட்டினோம்.

மாங்குளத்தில் சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒரு முதியவர் இருக்கிறார். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோலைச் சொட்டுவிட்டு ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய வன்னியில் தொழில் பழகியவர். உதிரிப்பாகம் கிடைக்காத நாட்களின் பழக்கத்தால் ஒரு பழைய நட்டைக்கூட எறிவதில்லை. எஞ்சின் ஆறும்வரை அவர் ஸ்பானரைத் தொடவில்லை. "அவசரப்பட்டியள் எண்டா மற்றதும் முறியும். சாப்பிட்டிட்டு வாங்கோ" என்று எங்களை அனுப்பிவிட்டார்.

அந்தச் சாப்பாட்டைச் சொல்லாமல் விடமுடியாது. சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை வறை, பொரித்த மோர்மிளகாய், புளி தூக்கலாக வைத்த குளத்து விரால் குழம்பு, எல்லாம் 600 ரூபா. கொழும்பில் இதன் இரட்டிப்பைக் கொடுத்தாலும் இந்த விரால் கிடைக்காது.

திரும்பி வந்தபோது மனிபோல்ட் கழன்று கீழே கிடந்தது. முறிந்த போல்ட்டின் முனை ஹெட்டிலிருந்து ஒரு நூலளவே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, முனைமேல் ஒரு வாசரையும் அதன்மேல் நட்டையும் வைத்து, நட்டின் துளைக்குள்ளேயே வெல்டிங் செய்தார். அது பிய்ந்து வந்தது. சலிக்காமல் இன்னொன்றை வைத்தார். வெல்டிங்கின் சூடு துருவின் பிடியைத் தளர்த்துகிறது. தானாக ஆறவிட்டு, துருநீக்கி எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக அசைத்தபோது, ஒரு கிரீச்சலோடு போல்ட் சுழன்றது. பிறகு துளையின் மரைகளை, மரைவெட்டும் டப் போட்டுச் சுத்தம் செய்தார். மற்றப் போல்ட்களும் அதே வயதுதான் என்பதால், தலையில் 10.9 என்று வலிமைத் தரம் பொறித்த புதியவற்றை மட்டுமே வாங்கிவரச் சொல்லி, செப்புக் கிறீஸ் பூசி, புகை கசியாமல் இடையில் வைக்கும் புதுக் காஸ்கட்டோடு நடுவிலிருந்து முனைகளை நோக்கி இறுக்கினார்.

போல்ட்களுக்கும் காஸ்கட்டுக்கும் 6,500, கூலி 8,000. சீமெந்து வாடகையில் டீசலும் இதுவும் போக மிஞ்சியது சொற்பமே என்றாலும், அந்த அறுபதாயிரத்துக்குத் தலையாட்டியிருந்தால் சித்தப்பா கடன்தான் பட்டிருப்பார்.

முறிகண்டியில் வழக்கம்போலத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு, இருட்டிய பின் கிளிநொச்சி சேர்ந்தோம். சூடேறி ஆறிய பின் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும் என்று முதியவர் சொல்லியிருந்ததால், மறுநாள் காலை சீமெந்து இறக்குமுன் சித்தப்பா போல்ட்களில் ஸ்பானரைப் போட்டார். ஓரத்துப் போல்ட்கள் இன்னும் சற்று இறங்கின.