அம்மாச்சியும் ஆறாத காபியும்

தங்கச்சிக்குத் தினமும் போட்டுக்கொள்ள ஒரு மரகத மோதிரம் வேண்டுமாம். "அவ பேத்தி வரைக்கும் போடணும், நான் பார்த்து வாங்குறேன்" என்று அம்மாச்சியும் கிளம்பிவிட்டார். மதுரை தெற்காவணி மூல வீதியில் ஒரு கடை. காபி வந்து, அது ஆறுவதற்குள் தகராறு ஆரம்பித்தது.

விற்பனைத் தம்பி காட்டியது 18 காரட். லென்ஸைக் கொடுத்து, உள்பக்கம் 750 என்ற முத்திரையையும் ஆறு எழுத்து ஹால்மார்க் எண்ணையும் காட்டினார்.

"750ன்னா என்ன தம்பி?"

"முக்கால் பங்கு தங்கம் பாட்டிம்மா."

"மிச்சக் கால் பங்கு?"

"செம்பு, வெள்ளி..."

"பாத்திரக்கடைக்கா வந்திருக்கோம்?"

தம்பி சளைக்கவில்லை. 916 தங்கம் மெத்தென்று இருக்கும், கல்லைப் பிடிக்கிற மெல்லிய கம்பி வளைந்தால் கல் விழுந்துவிடும், அதனால்தான் 18 காரட்டில் கட்டுகிறோம் என்றார். நியாயமான பேச்சு. அம்மாச்சிக்கே தலை லேசாக ஆடியது.

அடுத்து கல். மரகதத்தில் இயற்கையாகவே கீறல்கள் இருக்கும், அதில் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், காரமான சோப்பு, கொதிக்கிற வெந்நீர் எல்லாம் ஆகாது என்று தம்பி உண்மையைச் சொல்லித் தொலைத்தார்.

"எண்ணெயில ஊறினதா? கல்லா, மாவடுவா?"

மரகதம் அத்தோடு காலி. கடினத்தில் வைரம் 10 என்றால் கெம்பும் நீலமும் 9, தினசரிக்கு ரெண்டுமே நல்லது என்றார் தம்பி. ரெண்டும் குருந்தம் என்ற ஒரே கனிமம்தான், நிறம்தான் வேறு. ஆனால் நீலம் என்றதும் அம்மாச்சி சனீஸ்வரனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தங்கச்சியைக் கேட்காமலே கெம்பு முடிவானது.

அதோடு விட்டாரா? "நகைன்னா இது. ப்ளூ ஜாகர்" என்று தன் ஏழு கல் தோட்டைக் கழற்றி நீட்டினார். தம்பி முழித்தார். உள்ளே இருந்து வந்த வயதான ஆசாரிக்குத் தெரிந்திருந்தது. தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபோன்டைன் என்றொரு சுரங்கம், 1971இல் மூடிவிட்டார்கள், அந்த நீலம் ஓடும் வைரத்துக்குத்தான் அந்தப் பெயர் என்றார். அம்மாச்சி எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

ஆசாரி தோட்டைத் திருப்பினார். "வைரம் இன்னும் நாலு தலைமுறை வரும்மா. திருகுதான் இந்த மாசம் தாண்டாது. மரை தேஞ்சு, நூல் சுத்தி வச்சிருக்கீங்க."

கடையே எட்டிப் பார்த்தது. எங்களுக்கும் அந்த நூல் அன்றுதான் தெரியும்.

புதுத் திருகு போட்டு, கெம்பு மோதிரத்தோடு பில் வந்தது. அம்மாச்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"திருகுக்குமா சேதாரம் போடுவீங்க? சரி போகட்டும். அந்தப் பழசைத் தராசுல வைங்க. நூலை எடுத்துட்டு வைங்க, அப்புறம் அதுக்கும் கழிவுன்னு சொல்லுவீங்க."