அப்பாவின் கை, என் ஸ்கேன்

ஜூன் 4, 2025

அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனேன். ஊசி ஏற்றும் முன் அவர் இடது கையில், டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துவைத்த ஃபிஸ்டுலா மேல் விரல் வைத்தேன். தோலுக்கடியில் தேனீ ரீங்கரிப்பதுபோல் ரத்தம் அதிர்ந்தது. சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய் (பாலிசிஸ்டிக் கிட்னி) அப்பாவுக்கு. அப்பத்தாவுக்கும் இதே நோயாகத்தான் இருந்திருக்க வேண்டும். கால் வீங்கிச் செத்தாள் என்று மட்டுமே வீட்டில் பேச்சு.

ஜூன் 7

குழந்தைக்கு முயல்வதாகச் சொன்னதும், முன்பு பார்த்த மகப்பேறு மருத்துவர் தலை நிமிராமலே, "இந்தக் குடும்பத்தில் குழந்தை எதற்கு?" என்றார். இரண்டு நாளாக நெஞ்சில் முள். அந்தக் கணக்குப்படி அப்பாவும் பிறந்திருக்கக் கூடாது, நானும்தான். 50 வயதுவரை லாரி ஓட்டி எங்களைப் படிக்கவைத்த மனிதர் அவர்.

ஜூன் 10

இன்று சிறுநீரக மருத்துவர். முக்கால் மணி நேரம் பேசினார். பெரும்பாலும் 16-ஆம் குரோமோசோமில் உள்ள பிகேடி1 மரபணுவில்தான் கோளாறு இருக்கும். சிலருக்கு 4-ஆம் குரோமோசோமில் உள்ள பிகேடி2-இல். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. மூத்தது தப்பினால் இளையதற்கு வரும் என்றில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பூவா தலையா.

அப்பாவின் ரத்தத்தில் எந்த மரபணு மாற்றம் என்று முதலில் கண்டுபிடித்தால், சோதனைக் குழாய் முறையில் உருவாகும் கருவை உள்ளே வைப்பதற்கு முன்பே சோதிக்கலாம். பாலினம் பார்ப்பதுதான் குற்றம். பதிவு பெற்ற மையத்தில் மரபு நோய் பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. செலவு அதிகம். சோதிக்காமல் இயல்பாகப் பெற்றுக்கொள்வோரும் பலர். "வழிகளைச் சொல்வது என் வேலை, முடிவு உங்கள் இருவருடையது" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

ஜூன் 12

ஸ்கேன். வலது சிறுநீரகத்தில் நான்கு நீர்க்கட்டிகள், இடதில் மூன்று. குடும்பத்தில் நோய் இருந்து வயது 40-க்குள் என்றால், இரண்டிலும் சேர்த்து மூன்று இருந்தாலே உறுதியாம். எனக்கு 29. அத்தை "நீர்க்கட்டி" என்றதும் சினைப்பைக் கட்டி என்று நினைத்து ஆறுதல் சொன்னார். இது வேறு என்று விளக்கினேன், கையைப் பிடித்துக்கொண்டார்.

ரத்த அழுத்தம் 136/88. மாத்திரை வேண்டும், ஆனால் எல்லாம் ஆகாது. அப்பா சாப்பிடும் டெல்மிசார்டன் வகை வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தையே கெடுக்கும். இதற்காகவாவது கருத்தரிக்கும் முன்பே தெரிந்துகொண்டது நல்லது.

ஜூன் 13

தம்பிக்கு 24. அப்பாவுக்குச் சிறுநீரகம் கொடுக்க ஆசைப்பட்டவன், ஸ்கேன் என்றதும் ஒதுங்குகிறான். தெரியாமல் இருப்பதும் அவன் உரிமை, வற்புறுத்தாதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இரவு போன் செய்தான். "ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் அக்கா. ரத்த அழுத்தம் மட்டும் பார்த்துக்கொள்கிறேன். ஸ்கேன் இப்போது வேண்டாம்."

சரி வா என்றேன்.