சான்றிதழ் இருக்கிறது, என் பெயர்தான் இல்லை

அப்பா அம்மாவை ஸ்பான்சர் செய்து, என்னோடு கனடாவிலேயே தங்கக் கூட்டிவர 2020 அக்டோபரில் விருப்பப் படிவம் போட்டேன். குலுக்கலில் என் பெயர் விழுந்தது 2022 அக்டோபரில். இரண்டு வருடம் கிணற்றில் போட்ட கல், அதன் பிறகு 60 நாளில் எல்லாப் பேப்பரையும் ஏற்றியாக வேண்டும். மூன்று வருட வரி மதிப்பீடு, 20 வருடம் அவர்களைப் பார்த்துக்கொள்வேன் என்ற உறுதிமொழி எல்லாம் ஒரே ராத்திரியில் முடிந்தது.

மாட்டியது என் பிறப்புச் சான்றிதழில். இவர்கள்தான் என் பெற்றோர் என்பதற்கு அதுதான் ஆதாரம். அப்பா வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். தேதி இருக்கிறது, ஆண் என்று இருக்கிறது, 'குழந்தையின் பெயர்' என்ற இடத்தில் வெறும் கோடு! 1983-ல் பிறந்த மூன்றாம் நாளே பதிந்துவிட்டார்கள். பெயர் வைத்தது அதற்கப்புறம்.

பெயரைச் சேர்க்க, 68 வயசில் அப்பா பிறப்புப் பதிவு ஆபீசுக்கு நடந்தார். முதல் தடவை, செக்‌ஷன் ஆள் லீவு. அடுத்த தடவை, "பையன் நேர்ல வரணும் சார்."

"அவன் கனடாவுல இருக்கான்."

"அப்ப லீவுல வரும்போது பாத்துக்கலாம்."

மூன்றாவது தடவை அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "முடியாதுன்னு எழுதிக் குடுத்துடுங்க, போயிடறேன்" என்றாராம். அரை மணி நேரத்தில் என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் பாஸ்போர்ட் நகலையும் வாங்கிக்கொண்டார்கள்.

புதுச் சான்றிதழ் வந்தது. ஆங்கிலத்தில் என் பெயரில் ஒரு 'எச்' காணோம். அதைத் திருத்த இன்னும் ஒன்பது நாள். கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

இன்னொரு தண்டச் செலவு, மொழிபெயர்ப்பு. தமிழில் இருந்த கல்யாணப் பதிவை வக்கீலாக இருக்கும் சித்தப்பா பையனிடம் கொடுத்து, கையெழுத்தோடு வாங்கிவிட்டேன். சொந்தக்காரர் மொழிபெயர்க்கக்கூடாது என்று கனடாக்காரர்களின் வழிமுறையிலேயே போட்டிருக்கிறார்கள், பட்டியலில் சித்தப்பா பையனும் உண்டு. வெளியாளிடம் மறுபடி முதலிலிருந்து.

பத்து வருட விவரம் கேட்கும் படிவத்தில் ஒரு மாதம்கூட இடைவெளி விடக்கூடாது. அம்மா அந்தப் பக்கத்தையே காலியாக விட்டிருந்தார். "நான் எங்கடா வேலைக்குப் போனேன்?" பத்து வருடத்துக்கும் 'ஹோம்மேக்கர்' என்று நானே நிரப்பினேன். கையெழுத்துப் போடும்போது அதைக் காட்டி என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். "இதுக்கு இங்கிலீஷ்ல பேர் வேற இருக்கா?"

கெடுவுக்கு நான்கு நாள் முன்னால் சமர்ப்பித்தேன். மெடிக்கல், பயோமெட்ரிக்ஸ் (கைரேகை, போட்டோ) எல்லாம் அலுங்காமல் நடந்தன. 2024 கடைசியில் டொராண்டோவில் இறங்கினார்கள். அப்பாவின் கைப்பையில் அந்தக் கோடு போட்ட பழைய சான்றிதழும் இருந்தது.